வெறுஞ்சரிவில் ஒரு பச்சைத் திட்டு

வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கரையில் போலந்துக்காரர்கள் போட்ட கோடை ஆராய்ச்சி முகாமில் போக்னாவுக்குப் பூச்சி எண்ணுகிற வேலை. முகாமுக்கு மேலே பாறை இடுக்குகளில் சின்னக் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாய்க் குஞ்சு பொரிக்கும். கடலில் தின்று மலையில் கழிக்கும். அந்த எச்சத்தில் பாசி தழைக்கும், பாசிக்குள் எள்ளிலும் சிறிய, வாலைத் தட்டித் துள்ளும் பூச்சிகள் பெருகும். ஒப்பிட்டுப் பார்க்கப் பறவையே அண்டாத இடமும் வேண்டுமே? அதற்காக ஒரு வெறுஞ்சரிவில் குச்சி நட்டிருந்தார்கள். இரண்டு இடத்து மண்ணையும் சல்லடையில் வைத்து மேலே விளக்கைப் போட்டால், சூடு தாங்காத பூச்சிகள் கீழே புட்டியில் விழும்.

முகாமில் எல்லாருக்கும் ஒரே மேசை. யாருக்கு எந்த நாற்காலி என்பதை முதல் கப்பலில் வந்தவர்கள் முதல் ராத்திரியே முடிவுசெய்துவிடுவார்கள். போக்னா எப்போதும் இரண்டாம் கப்பல். அவளை யாரும் விரட்டவில்லை, நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவள் தட்டோடு வந்தால் நாலு பேர் நகர வேண்டும், பாதியில் நின்ற சிரிப்பு பிறகு திரும்ப வராது. கூச்சம் அவளைப் பிடுங்கித் தின்றது. ரொட்டியும் ஊறவைத்த மீனும் பொட்டலம் கட்டி, கரடிக்குப் பயந்து துப்பாக்கியும் மாட்டிக்கொண்டு வெறுஞ்சரிவுக்குப் போய்விடுவாள். அது முகாமிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம், தனியே போகத் தடையில்லை. சரிவில் மாப்பிள்ளை காத்திருக்கிறானோ என்பார் சமையற்காரர். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும்.

அங்கே ஒரு கடற்காகம் வந்தது. மீன் துண்டு போட்டாள். மறுநாளும் வந்தது. குச்சிமேல் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டது, அல்லது கேட்பதுபோல் இருந்தது. துணையில்லாதவளுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று கோடை அப்படியே போயிற்று.

இந்த முறை வெறுஞ்சரிவின் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால் குச்சியடியில் பச்சைப்பசேலென்று பாசி. பறவை வரக்கூடாத இடத்துக்கு அவளே விருந்து வைத்து அழைத்திருக்கிறாள். சொன்னால் அந்த இடம் போய்விடும், ஒதுங்க அவளுக்கு வேறிடம் கிடையாது. சொல்லாவிட்டால் கணக்கே பொய். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்துவிட்டு, முகாம் தலைவர் வித்தோல்டிடம் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. அந்த இடத்துக் கணக்கைத் தள்ளிவிட்டு, தூரத்தில் வேறு சரிவு பார்க்கலாம், அங்கே இரண்டு பேராகத்தான் போக வேண்டும், எதையும் தின்னக்கூடாது என்றார். ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

"ஏம்மா, இந்தக் குளிர்ல அங்க போய் எதுக்கு சாப்பிடணும்? எங்களோட உக்காந்திருக்கலாமே?"

"யாரும் கூப்பிடலீங்களே."

"நம்ம ஆளையே யாராவது கூப்பிடுவாங்களா?"

கேட்டுவிட்டு, மூன்று வருஷமாக அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. முகம் சிறுத்துப்போயிற்று. குச்சியைப் பிடுங்கத் தானும் கூட வருவதாகச் சொன்னார்.

அதை மட்டும் தனியாகவே செய்கிறேன் என்றாள் போக்னா.