அப்பா வெளுத்த சட்டை

சவுக்காரத் தண்ணீர் கொதிக்கும் வாசம்... அதற்கு மேல் மரவள்ளிக் கஞ்சி வாசம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டின் பின்பக்கம் எப்போதும் இப்படித்தான் மணக்கும். அப்பா டோபி. வாரத்துக்கு இரண்டு தடவை இராணுவ லோரி வந்து மூட்டை இறக்கும். எல்லாம் கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் காட்டுப்பச்சைச் சட்டைகள்.

கொடியில் காயும்போது பார்க்க வேண்டும். புதிதாகக் கப்பலில் வந்தவனுடையது முற்றிய வாழையிலை நிறம். ஆறு மாதம் ஆனவனுடையது வாடிய பண்டான் இலை. இரண்டு வருஷம் காட்டில் அலைந்தவனுடையது கிட்டத்தட்ட சாம்பல்.

இதெல்லாம் இப்போது ஏன் என்கிறீர்களா? கோபம்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன சனிக்கிழமை கிள்ளானில் அப்படிப்பட்ட பொம்மைகளுக்குக் கண்காட்சி, போட்டியும் உண்டு. அப்பாவின் கொடியை நினைத்துப் பத்துச் சிப்பாய்களைச் செய்து கொண்டுபோனேன். நடுவருக்கு முப்பது வயது இருக்கும். கையில் தடிப் புத்தகம்.

"யூனிஃபார்ம்னா எல்லாம் ஒன்னா இருக்கணும் லா, ஆன்டி. புக்ல ஒரே பச்சைதான். நீங்க பத்து வச்சிருக்கீங்க."

பொறுமையாகத்தான் விளக்கினேன். முப்பது வருஷம் ஆசிரியையாகப் பள்ளிச் சபைகூடலில் நின்றவள் நான். இடைநிலைப்பள்ளிப் பையன்களின் பச்சைக் கால்சட்டையைப் பாருங்கள். ஜனவரியில் வாங்கியதும், அண்ணன் போட்டுத் தம்பிக்கு வந்ததும் ஒரே பச்சையா? ஒரே சீருடைதானே இரண்டும்?

அவர் கடைசிப் பொம்மையைக் காட்டினார்.

"சரி, இவன்? மூஞ்சில வெயிலே படல, பூட்ஸ் புதுசு. சட்டை மட்டும் ரெண்டு வருஷம் வெளுத்திருக்கு. இப்படி ஒரு ஆளே இருந்திருக்க முடியாது ஆன்டி. இவன மட்டுமாச்சும் கரும்பச்சை ஆக்கிடுங்க. இல்லாட்டி மேசையிலேர்ந்து எடுத்துடணும்."

போயும் போயும் அவனைச் சொன்னாரே...

அவனை நான் பார்த்திருக்கிறேன். வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். ஒரு மத்தியானம் தனியாக நடந்து வந்து, கொடியில் கிடந்த சாம்பல் சட்டையையும் தன் புதுச் சட்டையையும் மாறி மாறிக் காட்டிக் கெஞ்சினான். புதுச் சட்டைக்காரனைப் பழைய ஆட்கள் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். சலவைச் சோடாவைக் கூடுதலாகப் போட்டு, நாலு தடவை வேகவைத்து, அவன் கேட்டபடியே வெளுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் சார்ஜண்ட் வந்தார். கையில் அந்தச் சட்டை. பின்னால் அவன். அரசாங்கத் துணியைப் பாழாக்கிவிட்டாய், யார் செய்யச் சொன்னது என்று ஒரே கத்தல். அப்பா ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும்.

நீட்டவில்லை. "சாலா சாயா, துவான்" என்றார். என் தப்புதான் ஐயா என்று.

மூன்று மாதம் லோரி வரவில்லை. அன்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் பிறகு, அப்படி ஒரு ஆளே இல்லை என்று ஒருவர் புத்தகத்தைக் காட்டுகிறார். அந்தச் சட்டையைக் கரும்பச்சை ஆக்கினால் அப்பா அதை வேகவைக்கவே இல்லை என்று ஆகிவிடாதா?

"மாத்த மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, பத்துப் பேரையும் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டின் அந்தப் பின்பக்கம் இப்போது அடுக்குமாடிக் கொண்டோ. பால்கனியில் துணி காயப்போடக்கூட அனுமதி இல்லையாம். பச்சை இப்போது சின்னக் குப்பியில், நம்பர் போட்டு வருகிறது...

பத்துப் பேரும் என் சன்னலோரம் வரிசையாக நிற்கிறார்கள். அவனைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறேன். அவன் மேல் கோபம் கோபம்தான். ஆனால் சட்டை அப்பா வெளுத்தது.