வடிவில்லாத ஒரு மணி

மூன்று வருடத்துக்கு முதல், கொழும்பில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஒக்டோபர் மாதம். அப்போது நான் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடைக்கு, ஒரு சிநேகிதியின் ஃபிளட்டுக்குப் போய் இன்னும் சில சிநேகிதிகளோடு மணி செய்துகொண்டிருந்தேன்.

மணி என்றால் கோர்க்கிற மணி. கலர் கலராக வரும் கிளேயை உருட்டி, பல்லுக்குத்தும் குச்சியால் ஓட்டை போட்டு, கேக் சுடும் ஓவனில் வைத்துச் சுட்டு எடுப்போம். எல்லாம் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மாதிரிக் கடும் வருத்தத்தோடு படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு. ஊசி போட்டால் மஞ்சள் மணி, ஸ்கேன் எடுத்தால் நீலம், இரத்தம் ஏற்றினால் சிவப்பு. பிள்ளை ஒவ்வொன்றையும் நூலில் கோர்த்துக்கொண்டே போகும். தான் தாண்டி வந்ததைக் கழுத்திலே போட்டுக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. பூப்போட்ட மணி, புள்ளி வைத்த மணி, மினுக்கம் தூவிய மணி என்று போட்டி போட்டுச் செய்வோம். பிள்ளைகளை நான் கண்டதே இல்லை. எங்களில் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் டீச்சர். அவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த முறை அவருக்கு டெங்கு வந்து படுத்துவிட்டதால் நான் போக வேண்டியதாகிவிட்டது.

வார்டில் மாஸ்க் தந்து, கை கழுவச் சொல்லி, சிஸ்டர் என்னை உள்ளே விட்டார். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். தலையில் துணித்தொப்பி. கழுத்தில் மணிமாலை நாலைந்து சுற்றுக்குத் தொங்கியது. வத்தளையிலிருந்து வந்து, தாயும் மகளும் மாதக்கணக்காக அங்கேயே இருக்கிறார்களாம்.

நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவள் கையை விட்டுக் கிளறிக் கிளறித் தேடினாள்.

"எல்லாம் நல்ல வடிவா இருக்கு அன்ரி. வடிவில்லாத மணி இல்லையோ?"

அழகில்லாத மணியைக் கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஏனம்மா உங்களுக்கு?"

அவள் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். புது விரிப்பு விரித்துக் காலியாக இருந்தது. "நங்கி போன நாளுக்கு."

அங்கே இருந்தது இவளைவிடச் சின்னதொரு சிங்களப் பிள்ளை; நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. இரண்டு பேரும் நாள் முழுக்கச் சேர்ந்தே படம் கீறுவார்களாம்.

தாய் அவசரமாகக் குறுக்கிட்டார். "நங்கி சுகமாகி வீட்டை போயிட்டா எண்டு சொன்னனான் எல்லே."

பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "வீட்டை போறவை செருப்பைப் போட்டுக்கொண்டு போவினம். நங்கியின்ர செருப்பு கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது."

தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெட்டியை மூடினேன். "செய்து கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சொன்னபோது, ஃபிளட்டில் அநேகமாக எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். வடிவில்லாத மணி என்றால் கறுப்புத்தான் என்று எங்களுக்குப் பட்டது. வருத்தக்காரப் பிள்ளைக்குக் கறுப்பு மணியா, அந்தத் தாய் என்ன நினைப்பார் என்று வீட்டுக்காரச் சிநேகிதி பயந்தார். எனக்கும் அதே பயம்தான். பேசாமல் ஊதாவில் ஒன்று கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூலையிலிருந்து மணி உருட்டிக்கொண்டிருந்த முஸ்லிம் சிநேகிதிதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"புள்ள வாய் தொறந்து கேட்டிருக்கு. நாம ஏன் வேறொண்டக் குடுக்கோணும்?"

செய்வதென்று முடிவாகிவிட்டது. ஆனால் எங்களிடம் கறுப்புக் கிளேயே இருக்கவில்லை. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அதை வாங்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை! மிச்சம் கிடந்த கலர்களையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தேன். மழைத்தண்ணி தேங்கின ரோட்டைப்போல ஒரு நிறம் வந்தது. உருட்டும்போது விரல் அழுந்தி ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. அப்படியே சுட்டு எடுத்தேன்.

அன்று பின்னேரமே கொண்டுபோனேன். வார்டு வாசலில் அந்தத் தாய் நின்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு நீங்கள் போன பிறகு அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதம். அதுவரைக்கும் அவள் எனக்குத் தெரியாமலும், நான் அவளுக்குத் தெரியாமலும் அழுதுகொண்டிருந்தனாங்கள்."

பிள்ளை மணியை வாங்கி, விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள். சப்பையான பக்கத்தைத் தடவினாள். "இது சரி" என்றாள். நூலில் கோர்த்துவிட்டு, உடனே பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மஞ்சளையும் எடுத்தாள்.

"நங்கி போன அண்டைக்கு எனக்கு ஊசியும் போட்டவை. அந்த மணியை நான் அப்ப வாங்கேல்லை."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளிவிட்டு, மாலையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம், நங்கிக்கு யானை கீறத் தெரியாது, தும்பிக்கையை எப்போதும் பின்னால் கீறிவிடுவாள் என்று சொல்லிச் சிரித்தாள். தாயும் சிரித்தார். அந்தப் பிள்ளையைப்பற்றி அவர்கள் இருவரும் வாய்விட்டுக் கதைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கனநேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அவளுக்கு வைத்தியம் முடிந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கிளினிக்குக்கு மட்டும் வந்து போகிறாள் என்று சிஸ்டர் பிறகு சொன்னார். அந்த நிறத்தில் இன்னும் கொஞ்சம் செய்து தரச் சொல்லியும் கேட்டார். வேறு பிள்ளைகளும் கேட்கத் தொடங்கியிருந்தார்களாம்.

பிள்ளைகளிடமிருந்து துக்கத்தை ஒளித்துவைத்தால் அவர்களைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒளிக்கும்போது நாங்கள் அவர்களை அந்தத் துக்கத்தோடு தனியே விட்டுவிடுகிறோம் என்பது, இன்றைக்கும் ஒரு பிள்ளை என்னிடம் ஏதாவது கேட்டு, நான் கதையை மாற்றப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்திவைக்கிறது.