விளம்பரம் பார்த்தால்தான் பாட்டு

பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த ஒரு கம்பெனியில் தென்னிந்திய மொழிப் பிரிவுக்கு நான் மேலாளராக இருந்தேன். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. மாட்டுங்காவில் வளர்ந்தவன், பம்பாயை விட்டு வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. அந்த வருடம் கம்பெனி ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் எந்தப் பாட்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறங்குவதற்கு முன் ஒரு விளம்பரம் ஓடும். விளம்பரக்காரர் கொடுப்பதில் பாட்டுக்குரியவர்களுக்குப் பங்கு போய்விடும். இலவசமாகவே கிடைக்கும்போது யார் திருடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. அதே கட்டிடத்தின் மேல்மாடியில் திருட்டு ஒழிப்புப் பிரிவு என்று ஒன்றும் இருந்தது. அதன் தலைவர் போலீஸிலிருந்து வந்தவர். நாங்கள் அன்பாக அழைக்க வேண்டியது, வராதவர்களை அவர் பிடிக்க வேண்டியது என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது.

தாராவியில் அப்போது யாரும் தாங்களாகப் பாட்டு இறக்குவதில்லை. ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, இன்னின்ன பாட்டு வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு நிரப்பி வைப்பார். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரயிலேறுகிறவர்கள் எல்லோரும் புறப்படுவதற்கு முன் கார்டை நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் கடைகளுக்கு எங்கள் தளத்தின் போஸ்டரை எடுத்துக்கொண்டு நான் போனேன். பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். ரீசார்ஜோடு சார்ஜர் ரிப்பேரும் பார்த்தார்.

“ஃப்ரீன்னு சொல்லுதிய. அப்ப துட்டு யாரு குடுக்கா?” என்று கேட்டார்.

விளம்பரம் கொடுப்பவர் கொடுப்பார் என்றேன். அப்படியானால் அதைப் பார்த்தாக வேண்டும், பார்க்காமல் எடுத்தால் அது களவுதானே என்றார். ஆமாம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“கடைக்கு வாரவங்களுக்கும் இதுல இருந்து போட்டுக் குடுக்கலாமா சார்?”

சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, பிறருக்குப் பிரதி எடுத்துத் தருவது குற்றம் என்று தளத்தின் விதிகளில் இருந்தது. அந்த விதிகளின் தமிழ் வடிவத்தை எழுதியவனே நான்தான். ஆனால் தமிழ்ப் பாட்டுகள் போதுமான அளவு இறங்கவில்லை என்று மேலதிகாரிகளிடம் முணுமுணுப்பு எழுந்திருந்த நேரம் அது. “தாராளமாகப் போடுங்கள், நாலு பேருக்குப் பரவட்டும்” என்றேன். அவர் போஸ்டரைக் கடையின் நெற்றியில் ஒட்டினார்.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடை முன்னால் வரிசை நின்றது. அவர் மானிட்டரைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு கார் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தோல் பட்டறையில் வேலை முடித்து வந்த ஒரு பெண் அதன் முன் நின்றாள்.

“அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காதீங்க யக்கா. விளம்பரம் பாத்தாத்தான் பாட்டு.”

“எனக்கு எதுக்கு தம்பி காரு? எங்க சந்துல கொடத்தோட வந்தாலே செவுத்துல இடிக்குது.”

“வாங்கவா சொன்னேன்? பாக்கத்தான சொல்லுதேன்.”

தளம் கேட்டபடி ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் செல்போன் எண்ணையும் விசாரித்துத் தனித்தனியாகப் பதிந்திருந்தார். யார் பாட்டு எடுக்கிறாரோ அவரே நின்று விளம்பரம் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பக்கத்துக் கடையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, கண் மூடித் திறப்பதற்குள் கார்டு நிரம்பிவிடும். ஆனாலும் இவரிடம்தான் கூட்டம். இங்கே எடுத்தால் போலீஸ் பயமில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நான்.

எங்கள் அலுவலகத்தில் தமிழ் எண்ணிக்கை ஏறியது. எனக்குக் கைதட்டினார்கள். அடுத்து விளம்பரக்காரர்கள் தரப்பிலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். பம்பாய் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். இத்தனை பேரும் ஒரே இணைப்பிலிருந்து வருகிறார்கள், இவர்கள் மனிதர்களே இல்லை, போலிக் கணக்குகள் என்றார். தாராவியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. திருட்டு ஒழிப்புத் தலைவர் என் பக்கம் திரும்பி, உங்கள் ஆட்கள் இருக்கும் இடம்தானே, உங்களுக்குத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உயிருள்ள ஒருவர் நின்று அந்த விளம்பரத்தைப் பார்த்தார், நானே கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு கார்டு நிரப்புகிறார், அதையும் கண்டேன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டாவதை மட்டும் சொன்னேன். விளம்பரக்காரர்களுக்குக் காட்ட கம்பெனிக்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது. பக்கத்துக் கடைக்காரன் எந்தத் தடயமும் வைப்பதில்லை. இவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்.

கடையில் போலீஸ் சோதனை என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் அவரே எனக்குப் போன் செய்தார். மழையில் போஸ்டர் கிழிந்துவிட்டது, இன்னொன்று வேண்டும், அது இல்லாவிட்டால் ஆட்கள் நம்புவதில்லை என்றார். அனுப்புகிறேன் என்றேன். போனை வைத்த பிறகும் அவருடைய கடையின் சத்தம், மழையும் ஒரு பாட்டின் தொடக்கமும், காதில் இருந்துகொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் கடையை அடையாளம் காட்டப் போலீஸார் என்னையே அழைத்துப் போனார்கள். சந்துக்குள் முதலில் நுழைந்தவன் நான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. போஸ்டரை நேரிலேயே கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

“வாங்க சார். இந்த மழையில வந்திருக்கியளே” என்று ஸ்டூலை இழுத்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கி மூட்டை கட்டினார்கள். வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தவரும் வெளியே மழையில் நின்றார்கள். அவர் வாதாடவில்லை. நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று என்னைக் கேட்கவும் இல்லை. அதைக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது என்று தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“நான் போறது கெடக்கட்டும் சார். இதுல அத்தன பேரு பேரும் நம்பரும் இருக்கு. அவங்க வீட்டுக்கும் போலீஸ் போகுமா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. கேட்டுக்கிட்டு நிக்காங்க.”

யார் வீட்டுக்கும் போகாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கம்பெனிக்கு வேண்டியது ஒரு கடை மட்டுமே. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரோடு சாட்சிகள் முன்னிலையில் எதுவும் பேசக் கூடாது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். நான் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தில் நின்றவர்கள் என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பேரை எழுதி வாங்கி எங்களை மாட்டிவிட்டானே என்று ஒருவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்தது. கதவுகள் சாத்தப்பட்டன.

அவருக்கு ஜாமீன் சீக்கிரமே கிடைத்தது. சந்துதான் அவரை விடவில்லை. சிலர் சிம்மை மாற்றினார்கள். சிலர் கொடைக்கு நாள் இருக்கும்போதே ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். கடை முன் யாரும் நிற்கவில்லை. அவர் ஷட்டரை இறக்கிவிட்டு, பம்பாய்க்கு வெளியே அம்பர்நாத்தில் ஏதோ பாக்டரிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். விளம்பரக்காரர்கள் எப்படியும் விலகினார்கள். எங்கள் தளத்தையும் மூடினார்கள். பக்கத்துக் கடை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் பெயரும் வயதும் எண்ணும் கொடுத்துவிட்டு, விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு, இலவசமாகப் பாட்டு கேட்கிறார்கள். அவர்களை யாரும் போலி என்பதில்லை.

சென்ற மாதம் அந்தச் சந்துக்குப் போனேன். கார் விளம்பரம் பார்த்த பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் யார் என்று சொன்னேன். அன்று உங்கள் யார் வீட்டுக்கும் போலீஸ் வந்திருக்காது, எனக்கு அது தெரிந்தே இருந்தது என்றேன்.

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“ஜாமீன்ல வந்த அன்னைக்கு அவரும் அதத்தான் வீடு வீடா வந்து சொன்னாரு. ஒருத்தரும் வர மாட்டாங்க யக்கா, பயப்படாதீங்கன்னு. நாங்க ஒருத்தரும் கதவத் தொறக்கல.”

அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலேயே சொல்லியிருக்கிறார்.

அவர் இப்போது எங்கே என்று கேட்டாள். அம்பர்நாத் என்று கேள்வி, விசாரித்தால் வீடு தெரிந்துவிடும், நானும் கூட வருகிறேன் என்றேன். கார்டு நிரப்பலாம் என்று அவருக்குச் சொன்னவன் நான்தான் என்பதையும் அப்போது சொன்னேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க வர வேண்டாம்” என்றாள். “நாங்க போய்க்கிடுதோம்.”