மச்சான் பிடிக்கும் கயிறு

டார்ச் லைட்டைக் கண்டாலே காலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் டாக்டர் வருவார். அவள் கணவன் மதாரின் இமையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சம் அடிப்பார். கண்பாவை சுருங்கும். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பார். பிறகு டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். திறந்த கண் திறந்தபடியே கிடக்கும், வெளிச்சத்தின் பின்னால் போகாது. "பாத்தீங்களாம்மா? உணர்வு இல்ல" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ராமநாதபுரத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல், நான்கு மாதமாக இதே கூத்து.

காலிதா பாம்பனில் பிறந்து பாம்பனிலேயே வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம். மீன் ஏலத்தில் அவளை ஏய்த்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். மதார் அதற்கு நேர் எதிர், கேட்டால்தான் பதில் வரும். அவன் தொழில் சங்கு குளிப்பது. இடுப்பில் கயிறு கட்டி ஆழத்தில் இறங்குவான், வள்ளத்தில் ஒருவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் அசர மாட்டான் அல்லவா? பதினோரு வருடமாக மதாரின் கயிற்றைப் பிடித்தவன் காலிதாவின் அண்ணன் கபீர்.

ஆனைக்கும் அடி சறுக்கும். தொண்ணூற்று மூன்றாம் வருடம், தை மாதக் கடைசியில், தண்ணீர் கலங்கிக் கிடந்த ஒரு காலையில் கபீர் பீடி பற்றவைக்கத் திரும்பினான். கயிறு காலடியில் கிடந்தது. அவன் மறுபடி அதை எடுத்தபோது கீழே அசைவே இல்லை. மேலே இழுத்துப் போட்டு, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்தார்கள். உயிர் வந்தது. மற்றது வரவில்லை. மூளைக்குக் காற்று போகவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். கபீர் அன்றைக்கு வாசல் வரை வந்தவன்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பார்க்க வந்த சொந்தபந்தமோ டாக்டரை மிஞ்சியது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினார்கள். மகளின் போட்டோவை ஆட்டினார்கள். ஒருத்தி கண்ணாடியைக்கூடக் காட்டினாள். எதையும் பார்க்கவில்லை என்றதும் உச்சுக்கொட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்கள். "என் குரல் கேட்டா மூச்சு மாறுது டாக்டர்" என்று காலிதா சொன்னாள். "அது தன்னால வர்றதும்மா" என்றார். கஞ்சி வாசனைக்கு முகம் திரும்புகிறது என்றாள். அதுவும் தன்னால வருவதாம். தன்னால எல்லாம் வருமென்றால் நீ எதற்கு வருகிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கட்டில் அவர்களுடையது, அடக்கிக்கொண்டாள்.

மதாரின் வலது கை வேறு அவளைப் படுத்தியது. போர்வையைப் பிடித்து இழுக்கும். மூக்கில் போட்டிருந்த கஞ்சிக் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டது. நர்ஸ் கட்டுத் துணியால் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டச் சொன்னாள். காலிதாதான் கட்டினாள். துணி நெகிழ்ந்தபோதெல்லாம், "சும்மா கெட மச்சான்" என்று அதட்டி மறுபடி இறுக்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வேறு விதமாகப் பேசினார். திங்கட்கிழமை குழாயை எடுத்துவிடலாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வாயில் இறங்கும்வரை கஞ்சி ஊற்றுங்கள் என்றார். இறங்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. மதாரின் அண்ணன் சீனி முகம்மது, "அல்லா நாடுனது" என்று தலையாட்டினார்.

காலிதா நேரே பாம்பனுக்குப் பஸ் ஏறினாள். வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"திங்கக்கெழம அவுகளச் சாகக் குடுக்கப் போறாக. கயித்த விட்டவன் நீ. வந்து பக்கத்துலயாச்சும் நில்லு காக்கா."

கபீர் வந்தான். மதாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டுத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். துணி வெடுக்கென்று இழுபட்டது. மூன்று தரம். கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று தரம். கபீர் எழுந்துவிட்டான்.

"எத்தன நாளா இப்படி இழுக்கிறாக?"

"வந்த நாள்லருந்து. அதான் கட்டிப் போட்டேன்."

"கட்டிப் போட்டியா? அடிப்பாவி, மூணு இழுப்புன்னா தூக்குன்னு அர்த்தம்."

கடல் சைகையை வீட்டில் சொல்லும் வழக்கம் இல்லை. காலிதாவுக்கு யார் சொன்னார்கள்? கபீர் துணியைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, நிதானமாக ஒரே ஒரு தரம் இழுத்து விட்டான். மதாரின் கை நின்றது. பிறகு அதுவும் ஒரு தரம் இழுத்தது.

கபீர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "உணர்வு இருக்கு, கண்ணுதான் தெரியல புள்ள. கலங்கத் தண்ணியில இப்படித்தான் இருட்டா இருக்கும். இன்னும் அடியிலயே கெடக்கோம்னு நெனச்சிட்டிருக்காக."

திங்கட்கிழமை டாக்டர் டார்ச்சை எடுத்தார். காலிதா அதைக் கையிலிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தாள். "நாலு மாசமா கண்ணு தெரியாத மனுசன்கிட்ட வெளக்கக் காட்டிப் பதில் கேட்டிருக்கீக. இந்தத் துணியப் பிடிங்க. ஒரு தரம் இழுங்க."

அவர் இழுத்தார். பதில் வந்தது. இரண்டு தரம் இழுக்கச் சொன்னாள், இரண்டு வந்தது. கண் நன்றாக இருந்தாலும் மூளையில் பார்க்கும் இடம் அடிபட்டிருந்தால் பார்வை இருக்காது, தான் அதை யோசித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். குழாயை எடுக்க வேண்டாம் என்று எழுதினார். மதுரையில் ஒரு பெரிய டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டாள் காலிதா. போன நான்கு மாதத்தை எவனிடம் போய் வாங்குவது?

டாக்டர் போனதும் கபீர் துணியின் முனையை அவள் கையில் வைத்தான். கயிறு ஒரு பெண் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உடனே மூன்று இழுப்பு வந்தது.

"ஒரு தரம் இழு. நான் இருக்கேன்னு அர்த்தம்."

அவள் இழுத்தாள். மறுபடி மூன்று வந்தது.

"தூக்குறேன்னு சொல்றதுக்கு எத்தன தரம் இழுக்கணும் காக்கா?"

கபீர் தலை நிமிரவில்லை. "அதுக்குச் சைகை கெடையாது. தூக்கிருவோம்."