படைக்காத கஞ்சி

கார்த்திகை பிறந்து மாலை போட்டதும், எங்கள் தெருக் கோவிலில் சாயங்காலம் பஜனைக்குக் கூடுவோம். பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார்.

"வெள்ளத்துக்குச் சோறு கொண்டு போனமே, அங்கன ஒரு பிள்ள ஓங்க சாமி சோறு எனக்கு ஆகாதுன்னுட்டுதே, ஞாபகம் இருக்கா சாமி?"

எல்லாரும் சிரிப்பார்கள். முதல் தடவை மாலை போட்டவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லுவார்கள். கதையில் நானும் வருவேன், கோமாளியாக. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சுண்டலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சொல்லுவதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் எதற்குச் சிரிக்க வேண்டுமோ அதற்குச் சிரிப்பதில்லை என்று எனக்குத் தோன்றும்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாகு காய்ச்சுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் நான் ஒரு கூட்டத்தில் ஆளாக இருப்பது. கறுப்பு வேட்டி கட்டிவிட்டால் முதலாளியும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் குழுவில் காய் நறுக்குவதும், சமையல் முடிந்ததும் அண்டாக்களுக்குச் சூடம் காட்டுவதும் என் வேலை. முதல் கரண்டி சோற்றை இலையில் வைத்து, சூடம் காட்டி, சரணம் சொன்ன பிறகுதான் அடுத்த கரண்டி அண்டாவுக்குள் போகும்.

அந்த வருஷம் மார்கழி பிறந்ததும் பேய் மழை பிடித்தது. நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கண்மாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தகவல் வந்தது. மறுநாள் எங்கள் அன்னதானம். சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது. எங்கள் குருசாமி, அதாவது பல வருஷம் மலைக்குப் போய் எங்களைக் கூட்டிப் போகிறவர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"இந்த வருஷம் அன்னதானம் அங்கன வச்சுதான். ஐயப்பன் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

விடியும் முன்பே அடுப்புப் பற்றவைத்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறினோம். வழக்கம்போல இலை போட்டு முதல் கரண்டியை வைத்து நான்தான் சூடம் காட்டினேன். மாலை மட்டும் கழுத்தில் இல்லையென்றால் அந்த மழையில் நான் வீட்டை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

தார் ரோட்டோடு வேன் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் கரிசல். நனைந்த கரிசல் மண் காலைப் பிடித்தால் விடாது. எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் பாதத்தின் கீழ் மண் அப்பி அப்பிக் கட்டையாகிவிடும். எங்களுக்கு முன்னால் ரொட்டிப் பொட்டலங்களோடு வந்திருந்த ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திண்டாடினார்கள். நாங்கள் ஏற்கெனவே வெறுங்கால். அண்டாக் காதுகளில் கம்பைக் கொடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு சரணம் போட்டபடியே நடந்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

ஊரில் மேடான இடம் ஒரு சின்னச் சபைக் கட்டடம்தான். கிறிஸ்தவர்கள் ஜெபத்துக்குக் கூடுகிற ஒற்றை அறையும் ஒரு தாழ்வாரமும். சபைக்காரர்கள் முந்தின நாளே டிராக்டரில் ரோட்டுக்குப் போயிருந்தார்கள். ஆடுகளை விட்டுப் போக மனமில்லாத குடும்பங்கள் மட்டும் ஆடும் குட்டியுமாகத் தங்கியிருந்தன. பசித்த ஜனம். இலையைக்கூட எதிர்பார்க்காமல் கையை நீட்டினார்கள். கண்ணெதிரே அண்டா காலியாகிக்கொண்டு வந்தது.

குருசாமி என்னிடம் ஒரு தட்டைக் கொடுத்து, "உள்ள யாரோ படுத்திருக்காப்ல இருக்கு. குடுத்துட்டு வாங்க சாமி" என்றார்.

உள்ளே மூலையில் பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது இருபதை ஒட்டி இருக்கும். மடியில் கண் திறக்காத சிசு. அழுது அழுது சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. தட்டை வாங்கி மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது படைச்சதா?"

எனக்குப் பொய் சொல்ல நேரமில்லை. தலை தானாக ஆடிவிட்டது.

அவள் தட்டை என் பக்கமாக மெல்லத் தள்ளி வைத்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க. எங்களுக்கு ஆகாது."

"ஏம்மா, பச்ச உடம்பு…"

"நேத்துலருந்து ரொட்டியும் தண்ணியும்தான் அண்ணாச்சி. பாலு ஊற மாட்டேங்கு. டிராக்டர் குலுக்கல் ஆகாதுன்னு நான் இங்கனயே இருந்துட்டேன். பால் பவுடர் வாங்கப் போன எங்க வீட்டுக்காரவியளையும் காணும்." கொஞ்சம் நிறுத்தி, "இவன் பொறக்கயில ரெண்டு உசுரும் நிக்காதுன்னுட்டாக. அன்னைக்கு ஆண்டவர்கிட்ட ஒரு பொருத்தனை பண்ணியிருக்கேன். படைச்சது, பூசை பண்ணது எதையும் வாயில வைக்க மாட்டேன்னு. பசிச்ச ஒடனே மாத்துனா அவரு மொகத்துல எப்படி முழிக்க?" என்றாள்.

தட்டோடு வாசல்படிக்கு வந்தேன். குருசாமி என்னவென்று கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நல்லாருக்கே கத! வெள்ளம் வந்தப்ப எந்தச் சாமின்னு பாத்தா வந்துச்சு?"

"ஒருவேள கறிக்கொழம்பு எதிர்பாக்குதோ என்னமோ" என்றார் எங்களில் ஒருவர்.

"மண்ணுல பொதஞ்சு பொதஞ்சு தூக்கிட்டு வந்தமே, அதுக்கு ஒரு மரியாத வேண்டாமா? சோத்துக்கு முன்னால என்ன வேதாந்தம்?"

எல்லாம் அவளுக்குக் கேட்கும்படிதான் பேசினார்கள். உள்ளே இருப்பவள் பிள்ளை பெற்றவள் என்று நான் சொன்னதும் குருசாமி வாசல்படியிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். "அறிவிருக்கா சாமி? மாலையப் போட்டுக்கிட்டுத் தீட்டுக்குள்ள நிக்கீங்க. வெளிய வாங்க." மாலை போட்டிருந்தால் திட்டுவதைக்கூட மரியாதையோடுதான் திட்ட முடியும்.

தீட்டு என்பதால் அவர் உள்ளே வரவில்லை. அதை யாரும் வேதாந்தம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. காது மட்டும் சுட்டது. அவரைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கிளப்பியிராவிட்டால் அந்த ஊருக்கு அன்றைக்குச் சோறு இல்லை.

தாழ்வாரத்தில் ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி எங்கள் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் வயதிருக்கும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவள், கையை நக்கிக்கொண்டு எழுந்து மூட்டைக்குள்ளிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு அரிசி. தண்ணி வர முன்ன எடுத்து, கடைசிக்குன்னு வச்சிருந்தது. நான் ஓங்க சாமி சோத்தத் தின்னுட்டேன்லா, அதுக்குப் பதில் இத அந்தப் பிள்ளைக்குக் கஞ்சியா வச்சுக் குடுங்க. இத எவனும் படைக்கல."

மூன்று கல்லை வைத்தேன். தாழ்வாரத்து ஓரம் அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பருத்திமார், காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகள், நனையாமல் இருந்தது. மடியிலிருந்த தீப்பெட்டி ஊறிப்போயிருந்தது. கிழித்துக் கிழித்துப் பார்த்தேன், மருந்து உதிர்ந்ததுதான் மிச்சம்.

"ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்யுற கோயில்பட்டிக்காரவிய, தீப்பெட்டி இல்லாம வந்துட்டீங்களாக்கும்!" என்று சிரித்துவிட்டு அவளே ஒரு லைட்டரைக் கொடுத்தாள்.

ஆட்டுக்காரி கொடுத்த பானையில் தண்ணீர் கொதித்தது. அந்தப் பெண் குழந்தையோடு வாசலுக்கு நகர்ந்து வந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை அவள் பக்கம் போயிற்று. "கொஞ்சம் தள்ளி இருங்க சாமி" என்றேன்.

"என்னையப் போயி சாமிங்கீங்களே அண்ணாச்சி!" என்று பதறினாள். அந்தப் பதற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டுக்காரியும் சிரித்தாள். மாலை போட்டால் எதிரே இருப்பவர் யாரானாலும் சாமிதான், அது வாயில் ஏறிவிட்டது என்று சொல்ல நினைத்தேன்.

அரிசியைக் களைந்து, இரண்டு கையிலும் அள்ளி உலையில் போட்டேன்.

"சாமியே சரணம்."

நான்தான் சொன்னேன். கை அரிசியைப் போட்டது, வாய் சொல்லிவிட்டது. சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். பழக்கத்தில், வெளியே இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், "சரணம் ஐயப்பா!" என்று பதில் கொடுத்தார்கள். பிறகு என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அழுகையை அடக்குகிற முகம். பானையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"தெரியாம வந்துட்டும்மா. வாய்ப் பழக்கம்" என்றேன். அந்த இடத்தில் கரிசல் மண் என்னை உள்ளே இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியுது அண்ணாச்சி. வேணும்னா செஞ்சிய?" பிறகு ஆட்டுக்காரியைப் பார்த்து, "மயினி, இன்னும் அரிசி கெடக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு கை கெடக்கு."

"இவனக் கொஞ்சம் பிடிங்க. நானே வச்சுக்கிடுதேன்."

கையை ஊன்றி எழுந்தாள். இடுப்பு நிமிரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அரிசியை அவள் கையில் கொடுத்திருந்தால் போதும் என்பது, விடியற்காலையிலிருந்து சாதம் கிளறிய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் சமைத்து, நாங்கள் படைத்து, நாங்கள் பரிமாற வேண்டும் என்றுதான் போயிருந்தோம். நான் சரணம் சொன்ன கஞ்சியை ஆட்டுக்காரி இறக்கித் தன் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். "எங்களுக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான், சூடா இருந்தாச் சரி."

இரண்டாவது உலையில் அரிசி வேகும் வரை நான் பருத்திமாரை ஒடித்து ஒடித்துக் கொடுத்தேன். வாயை இறுக மூடியிருந்தேன். கஞ்சி ஆனதும் அவள் கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபம் பண்ணினாள். நீளமான ஜெபம் இல்லை. ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு குழந்தையை வாங்கித் திரும்பி உட்கார்ந்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அது முட்டி முட்டிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

வெளியே எங்கள் ஆட்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சாப்பிடலையே. காலைலருந்து பாக்கேன்" என்று அவள் ஒரு டம்ளரில் மீதிக் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். ஒரு டம்ளர்தான் மீதி இருந்தது. அதைத்தான் நீட்டினாள்.

பிள்ளை பெற்ற கை. வேறு சாமிக்கு ஜெபம் பண்ணின கஞ்சி. இவ்வளவும் யோசித்து நான் சொல்லவில்லை. சரணம் எப்படி வந்ததோ அப்படியே இதுவும் வந்தது.

"மாலை போட்டிருக்கேம்மா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தது, கோவிச்சுக்கிடாதீங்க என்றது, வெளியே எங்கள் ஆட்கள் பேசினது எல்லாம் சேர்ந்து விழுந்தது. அவள் ஏதாவது கேட்கட்டும் என்று நின்றேன். சோத்துக்கு முன்னால என்ன அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரிங்க அண்ணாச்சி" என்றாள். டம்ளரை இறக்கிக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப ஓங்களுக்கு எது தோதுப்படும்? மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருக்கு, நான் தொடல. அந்த மயினிய மோந்து தரச் சொல்லட்டா?"

அன்றைக்கு அந்த ஊரில் நாங்கள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. ஆட்டுக்காரி சொம்பில் மொண்டு கொண்டுவந்தாள். நான் நின்றபடியே குடித்தேன். குடிக்கிறபோது அண்ணாந்துதான் ஆக வேண்டும், அதனால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொம்பைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கரிசலுக்குள் இறங்கினேன்.