திருப்பித் தராத தட்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சமையலறை அலமாரியில் நீலப் பூப்போட்ட தட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது.

பள்ளி விடுமுறையில், நாங்கள் குடியிருக்கும் கலிபோர்னியா டப்ளினிலிருந்து பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊருக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்துப் போனோம். வீட்டைத் தூக்கி லாரிமேல் வைத்தால் அதுதான் ஆர்.வி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. சாதம் கொதிக்கும் அடுப்பிலிருந்து கை நீட்டினால் கக்கூஸ் கதவு. எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியே மடக்கு மேசை போட்டுச் சமைத்தேன். "இத்தன பெரிய வண்டிய எடுத்துட்டு வந்து வெயில்ல சோறாக்கற ஒரே ஆளு நீதான் சரசு" என்று கணவர் சிரித்தார்.

ஆனால் வழியெல்லாம் எங்களுக்குள் பேசாத பேச்சு ஒன்று இருந்தது. திருப்பூரில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. எப்படியும் திரும்பிவிடுவோம் என்று, இங்கே வந்த புதிதில் கட்டியது. பால் காய்ச்சிய கையோடு விமானம் ஏறினோம். பிறகு லீவில் போனால் சில நாள் தங்குவோம். மற்றபடி பூட்டுத்தான். சாவி கணவரின் அக்காவிடம். நங்கையா என்று கூப்பிடுவேன். அவருக்கும் இப்போது முழங்கால் வலி, முன்போல் கூட்டிப் பெருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கு விலைக்குக் கேட்கிறார். "டப்ளின் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லீரு. உனக்கு மனசில்லீன்னா விக்க வேண்டாம்" என்றார் கணவர். விற்றால், இனி திரும்பமாட்டோம் என்று நாங்களே வாயால் சொன்னமாதிரி. எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

ஆர்.வி.கள் வரிசையாக நிற்கும் மைதானத்தில் அடுத்த வண்டி லிண்டா என்ற அம்மாளுடையது. எழுபது வயதிருக்கும், தனி ஆள். வந்த அன்றே அந்த நீலப்பூத் தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். வாங்கிய பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? மறுநாள் காலையில் எலுமிச்சம் சாதம் வைத்துக் கொடுத்தேன். மதியம் தட்டு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தது. மாலையில் முறுக்கோடு போனது. அடுத்த நாள் கேக்கோடு வந்தது. நான் ரவையை வறுக்க ஆரம்பித்தேன்.

பதினைந்து வயது மகள் மித்ராவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப். ஷீ இஸ் ஸ்கேர்ட் ஆஃப் யூ."

"ஏன், முறுக்கு காரமா இருந்துச்சா?"

"நோ! நீ குடுத்தா அவங்களும் ஏதாவது குடுக்கணும்னு நெனைக்கறாங்க. அந்த கேக்குக்காக கடைக்கே டிரைவ் பண்ணிப் போனாங்களாம்!"

ரவை வறுத்தாகிவிட்டதே. கேசரியோடு நானே போனேன், மித்ராவும் கூட வந்தாள். லிண்டாவின் வண்டிப் படியருகே 1846 என்று ஒரு மரப்பலகை தொங்கியது. எங்கள் இடத்துக்கு எண் இருபத்தேழு. வேறு வண்டிக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கி நின்றேன். லிண்டா சிரித்தார். அது அவருடைய பழைய வீட்டின் எண்ணாம். "ஐ சோல்ட் த ஹவுஸ். ஐ கெப்ட் த நம்பர்."

வருத்தமில்லையா என்று மித்ராவைக் கேட்கச் சொன்னேன். பிள்ளைகளை வளர்த்து, கணவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அறையையும் தேயத்தேயப் புழங்கிவிட்டேன், இனி அதில் எனக்கு என்ன பாக்கி என்றாராம். பிறகு அவர் கேட்டார், உங்கள் வீடு எங்கே என்று. மித்ரா டப்ளின் என்றாள். அதே சமயம் நான் திருப்பூர் என்றேன். எது புரிந்ததோ, தலையாட்டினார்.

கேசரியை ஒரு டப்பாவுக்கு மாற்றித் தட்டைக் கழுவி என் கையிலேயே கொடுத்தார். நீயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் இது முடியவே முடியாது என்று சொன்னதாக மித்ரா சொன்னாள். வெறும் தட்டோடு திரும்பி நடந்தேன். திருப்பூர் வீட்டுத் தரை நினைவுக்கு வந்தது. போட்ட அன்றைக்கு இருந்த பளபளப்பு இன்னும் குறையவில்லை. அந்த அடுப்பில் நான் ஒரு தீபாவளிக்குக்கூட எண்ணெய்ச்சட்டி வைத்ததில்லை.

கிளம்புவதற்காகக் கணவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வீட்டக் குடுத்தரலாமுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா நங்கையாகிட்டச் சொல்லி, சாவி குடுக்கறதுக்கு முன்னாடி சமையக்கட்டுல கல்லுப்பு ஒரு பாக்கெட் வெக்கச் சொல்லுங்க. வெறும் வீடாக் குடுக்க வேண்டாம்."

"உப்பு மட்டும் போதுமா?"

"மஞ்சளும்."

மறுநாள் பெட்ரோல் நிரப்பி வண்டியை ஒப்படைத்தோம். நிரப்பித்தான் தரவேண்டுமாம். வீட்டுக்கு வந்து அவர் திருப்பூருக்குப் போன் செய்தபோது, "வாட் வாஸ் அவர் ஹவுஸ் நம்பர் தேர்?" என்று மித்ரா கேட்டாள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நங்கையா அந்த வீட்டு வாசல்வரை நடந்துபோய், பார்த்துச் சொன்னார்.