கொளஞ்சியப்பன் நிறுத்திய ரயில்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் எதிர்வீடு கொளஞ்சியப்பன் மாமாவுடையது. அவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளிப் போட வேண்டும். இத்தனை வருடமாகியும் பர்மனென்ட் ஆகவில்லை.

பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து பெல்ட்டை நிறுத்தலாம். இழுத்தவனை யாரும் திட்ட மாட்டார்கள். நின்றதும் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஜீப்பில் ஆள் வந்துவிடும். பிரவின்குமார் என்ற பையனின் சட்டைக் கை உருளையில் சிக்கியபோது மாமாதான் இழுத்தார். பையனுக்குக் கை தப்பியது. "முதல்ல நிறுத்து, அப்புறம் யோசி" என்று புதிதாக வருபவர்களுக்கு அவரைக் காட்டித்தான் சொல்வார்கள்.

அவர் மனைவி தனம் அத்தைக்கு இளைப்பு நோய். இந்த வருடம் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. வெளியூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் எழில்மதி, காரில் போகலாம் என்றாள். மாமா கேட்கவில்லை.

இளவயதில் அவர் சூரத் பக்கம் குழாய் பதிக்கப் போயிருந்தார். அங்கே இரண்டு மாடி ரயிலில் போன கதையை எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. ஏசி இல்லாத பெட்டி, தலைக்கு மேலே மின்விசிறி, தூக்கிவிடும் ஜன்னல். "மேல் மாடியில நிமுந்தா தலை இடிக்கும். ஜன்னல தூக்கிட்டா காத்து பிச்சிக்கினு வரும்" என்பார். சென்னையிலிருந்து அந்த ஊருக்குப் போகும் ஒரு ரயிலும் இரண்டு மாடி என்று தெரிந்ததும் அதிலேயே டிக்கெட் எடுத்தார். காற்று கிடைக்கும், படி ஏற வேண்டாம் என்று கீழ் மாடியில் எடுத்தார்.

இது அடுத்த தலைமுறைப் பெட்டி. முழுக்க ஏசி. கதவு நடு உயரத்தில் இருக்கிறது. மேல் மாடிக்கு ஏறுவது போலவே கீழ் மாடிக்கும் படியில் இறங்க வேண்டும். படியே இல்லாத இருக்கைகள் கதவை ஒட்டிக் கொஞ்சம் உண்டு. அது அவருக்குத் தெரியாது. அத்தையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தார்கள். ஜன்னலில் பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் கால்கள்தான் தெரிந்தன.

"ஏங்க, இத எங்க தூக்கணும்?" என்றாள் அத்தை.

மாமா கண்ணாடியின் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். எதிரில் இருந்த பெண், "இது தெறக்காதுங்க, ஒட்டியே வெச்சிருக்காங்க" என்றாள்.

அத்தை சிரித்தாள். "காத்து வரும்னு இட்டாந்து பொட்டியில வெச்சி மூடிட்டியே, மனுசா."

"குளுகுளுன்னு கீது, அனுபவி" என்றார் மாமா.

பாதி வழியில் இளைப்பு வந்தது. இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தியும் அடங்கவில்லை. எழில்மதி டிக்கெட் பரிசோதகரைத் தேடி மேல் மாடிக்கு ஓடினாள். அவர் உடனே போன் செய்தார். அடுத்த ஸ்டேஷன் பத்து நிமிடத்தில். ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் என்றார்கள்.

கீழே இருந்த மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. அத்தை கண்ணாடியை நகத்தால் பிறாண்டினாள். உதடு நீலமானது. மாமா எழுந்து அபாயச் சங்கிலியை இழுத்தார்.

எழில்மதி படியில் இறங்கும்போதே ரயில் குலுங்கி நின்றது.

"யப்பா, என்னா பண்ண?"

"நிறுத்திட்டேம்மா. வந்துருவாங்க."

வெளியே உயரமான மண்கரை, இரண்டு பக்கமும் கரும்பு, ரோடே இல்லை. ஆட்கள் வரத்தான் செய்தார்கள். எந்தப் பெட்டி என்று தேடி நடந்து வந்த ரயில்வேக்காரர்கள் சங்கிலியைச் சரிசெய்யாமல் வண்டி நகராது. அது நகர்ந்தபோது அத்தை மாமாவின் மடியில் அசையாமல் கிடந்தாள். ஸ்டேஷனில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

இவ்வளவையும் எழில்மதிதான் எனக்குச் சொன்னாள். அத்தையின் உடலை எடுத்த பிறகு, வீடு நிறைய ஆள் இருக்கும்போதே அப்பாவிடம் கேட்டாள்.

"ஏம்பா இழுத்த? பத்து நிமிசம்பா."

"நின்னா ஆளு வரும்மா" என்றார். "எங்க பெல்ட்டுக்கு அப்படித்தான் வரும்."

ஒரு நாள் மாமா என்னைக் கூப்பிட்டு, பழைய பெட்டியாக இருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டார். பிளஸ் டூ முடித்தவன், தெரிந்திருக்கும் என்று நினைத்தார். ஜன்னல் காற்றால் அடங்கும் இளைப்பா அது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பெட்டியிலும் சங்கிலி இருந்தது. இரண்டையும் சொல்ல முடியாமல், "தெரியல மாமா" என்றேன்.

அவர் இப்போதும் ஷிஃப்டுக்குப் போகிறார். எழில்மதி காரியம் முடிந்த மறுநாளே சென்னைக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை என் அம்மாவுக்கு போன் செய்து, "அப்பா சாப்புட்டாரா அத்தே?" என்று கேட்கிறாள். அப்பாவிடம் பேசுகிறாயா, கூப்பிடட்டுமா என்று அம்மா கேட்டால் வைத்துவிடுகிறாள்.